விஷம்னு நினைச்சது மருந்தா மாறின கதை

சூப்பர்கண்டக்டர்னா மின்தடை சுத்தமா பூஜ்யம் ஆகிற பொருள்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். 1911-இல் லைடன் நகரத்துல பாதரசத்தை 4.2 கெல்வினுக்குக் குளிரவெச்சப்போ முதல்ல பார்த்தாங்க. ஏன் அப்படி ஆகுதுன்னு சொல்ல 46 வருஷம் ஆச்சு. 1957-இல் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் மூணு பேரும் சொன்ன பதில்: எலக்ட்ரான்கள் ரெண்டு ரெண்டா ஜோடி சேருது. ஒண்ணோட ஸ்பின் மேல, இன்னொண்ணோடது கீழ. சேர்த்து வைக்கிற தரகர், படிகத்தோட அதிர்வு.

இந்த ஜோடிக்குப் பெரிய வில்லன் காந்த அணு. அது ஸ்பினைத் திருப்பி விட்டுடும், ஜோடி உடைஞ்சிடும். 1958-இல் பெல் லேப்ஸ்ல பெர்ன்ட் மத்தியாஸ் குழு இதை அளந்தே காட்டுச்சு. லாந்தனத்துல சுமார் 1 சதவீதம் கடோலினியம் கலந்தாலே ஆட்டம் குளோஸ். அதுக்கப்புறம் இது கிட்டத்தட்ட ஒரு விதியாவே ஆகிடுச்சு: காந்தம் இருக்கிற இடத்துல சூப்பர்கண்டக்டரைத் தேடாதே.

இப்போ 1975. அதே பெல் லேப்ஸ். ஒரு யுரேனியம் அணுவுக்கு 13 பெரிலியம் அணுக்கள் இருக்கிற ஒரு சேர்மத்தை அளக்கிறாங்க. 0.97 கெல்வின்ல மின்தடை பளிச்சுனு விழுது. 6 டெஸ்லா காந்தப்புலம் கொடுத்துப் பார்க்கிறாங்க. இவ்வளவு குறைஞ்ச வெப்பநிலையில இருக்கிற சாதாரண சூப்பர்கண்டக்டர் அதுல செத்தே போயிருக்கணும். இது வெறும் 0.3 கெல்வின்தான் இறங்குது. அவங்க எடுத்த முடிவு: இது சேர்மத்தோட குணம் இல்லை, உள்ளே மாட்டிக்கிட்ட யுரேனிய இழைகளோட வேலை.

அவங்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரலை. என் பழைய வேலையில ஒரு டெஸ்ட் அப்பப்போ ஃபெயில் ஆகும். "சும்மா ரீ-ரன் பண்ணு, பாஸ் ஆகிடும்"னு மூணு மாசம் ஓட்டினோம். கடைசியில அதுதான் நிஜ பக். நமக்குத் தெரிஞ்ச ஒரு காரணம் கைவசம் இருந்தா, தெரியாததை யாரு தேடுவா?

நாலு வருஷம் கழிச்சு, 1979. ஜெர்மனியில ஃபிராங்க் ஸ்டெக்லிஷும் அவரோட குழுவும் ஒரு சீரியம் அணு, ரெண்டு தாமிரம், ரெண்டு சிலிக்கான் சேர்ந்த பொருளை அளந்தாங்க. சீரியம் காந்த அணு. அதாவது அஞ்சுல ஒண்ணு, 20 சதவீதம் விஷம். ஆனா சுமார் அரை கெல்வின்ல அது சூப்பர்கண்டக்டர் ஆச்சு!

இழை, கசடுன்னு யாராவது சொல்வாங்கன்னு அவங்களுக்குத் தெரியும். அதனால மின்தடையோட நிறுத்தலை, வெப்ப ஏற்புத்திறனையும் அளந்தாங்க. இந்தப் பொருள்ல எலக்ட்ரான்கள், சீரியத்தோட காந்தத்துல சிக்கிச் சிக்கி, நூற்றுக்கணக்கான மடங்கு நிறை இருக்கிற மாதிரி நடந்துக்குது. மாரியம்மன் திருவிழாக் கூட்டத்துல நடக்கிற மாதிரின்னு வெச்சுக்கோங்க. வெப்ப ஏற்புத்திறன்ல வந்த தாவல் அதே அளவுக்குப் பெருசா இருந்துச்சு. ஜோடி சேர்ந்தது ஏதோ ஓரத்து இழை இல்லை, இந்தக் கனமான எலக்ட்ரான்களேதான். இன்னொரு சோதனைதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. சீரியத்தை எடுத்துட்டு, காந்தம் இல்லாத லாந்தனத்தை வெச்சாங்க. பழைய விதிப்படி நிலைமை சரியாகணும். ஆனா சூப்பர்கண்டக்டிவிட்டியே போயிடுச்சு.

உடனே எல்லாரும் கை தட்டிடலை. மத்த ஆய்வகங்கள் செஞ்ச துண்டுகள் பல வேலை செய்யலை. தாமிரம் இம்மி கூடினாலோ குறைஞ்சாலோ கதையே மாறும்ங்கிறது பின்னாடிதான் புரிஞ்சுது. 1983-இல் ஹான்ஸ் ரூடால்ஃப் ஓட், சாக்கரி ஃபிஸ்க் உள்ளிட்டவங்க அந்த யுரேனியம்-பெரிலியம் சேர்மத்தையே மறுபடி அளந்தாங்க. முழுப் பொருளும் நிஜமான சூப்பர்கண்டக்டர்! 6 டெஸ்லாவைத் தாங்கினதும் கனமான, மெதுவான எலக்ட்ரான்களாலதான்.

அப்போ ஜோடி சேர்த்தது யார்? பெரிய தடயம் 1998-இல் கேம்பிரிட்ஜ்ல கிடைச்சது. கில்பர்ட் லோன்சாரிச் குழு சீரியம்-பல்லேடியம்-சிலிக்கான் படிகத்தை எடுத்துது. சாதா அழுத்தத்துல அது சுமார் 10 கெல்வின்ல காந்த ஒழுங்குக்கு வந்துடும். அழுத்த அழுத்த அந்த வெப்பநிலை இறங்கிக்கிட்டே வரும். சுமார் 28,000 பார் பக்கத்துல பூஜ்யத்தை நெருங்கும். இதுதான் குவாண்டம் கிரிட்டிகல் புள்ளி. அங்கே வெப்பமே இல்லாட்டியும், குவாண்டம் விதிகளாலேயே ஸ்பின்கள் நிலைகொள்ளாம அலைபாயும். சரியா அந்த இடத்தைச் சுத்தி மட்டும், 0.4 கெல்வினுக்குக் கீழே, சூப்பர்கண்டக்டிவிட்டி எட்டிப் பார்த்துச்சு. அதுவும் படிகம் ரொம்பச் சுத்தமா இருந்தா மட்டும். தரகர் வேலை பார்த்தது அந்தக் காந்த அலைபாய்ச்சல்தான்னு அவங்க வாதிட்டாங்க.

ஸ்டெக்லிஷோட பழைய பொருளுக்கும் இதே விளக்கம் பொருந்தும்னு ரொம்ப நாள் நம்பினாங்க. அப்படின்னா ஜோடியைப் பிரிக்க ஆகிற ஆற்றல் சில திசைகள்ல பூஜ்யமா இருக்கணும். 2014-இல் ஜப்பான்ல இன்னும் ஆழமாக் குளிரவெச்சு அளந்தப்போ, எதிர்பார்த்த அந்தப் பூஜ்யங்களுக்கான தடயம் வரலை. 35 வருஷப் பழைய பொருள், கேஸை மறுபடி ஓப்பன் பண்ணிடுச்சு.