சாய்ந்து நிற்கும் கோபுரம்

2021 நவம்பர் 23இல் குறிஞ்சாக்கேணியில் படகுப்பாதை கவிழ்ந்து பள்ளிச் சிறார் உள்ளிட்டோர் மாண்டனர். அப்போது அங்கே பாலம் கட்டி முடிந்திருக்கவில்லை. கட்டும் வல்லமை நாட்டில் இல்லாமலா போயிற்று? கொழும்புப் பேரை வாவியோரத்தில் ‘அல்டெயர்’ மாளிகை அதற்கு முன்னரே 240 மீற்றர் உயரம் எழுந்து நின்றது.

அறுபதுக்கு மேற்பட்ட மாடிகள்; ஏறத்தாழ 400 வீடுகள். நேர்நிற்கும் கோபுரத்தின்மீது மற்றொன்று ஏணிபோலச் சாய்ந்திருக்கிறது. சாய்ந்ததன் தளங்கள் படிப்படியாகப் பின்வாங்க, திறந்த மாடங்களில் செடி வளர்க்கலாம். அழகானதுதான், மறுக்க வேண்டியதில்லை.

இதை வரைந்த மோசே சாஃப்டி இளமையில் வேறொரு கனவு கண்டவர். மொன்றியல் நகரின் 1967ஆம் ஆண்டுக் கண்காட்சிக்கென, முன்கூட்டி வார்த்த 354 கொங்கிறீற் பெட்டிகளை அடுக்கி 158 வீடுகள் அமைத்தார். ஒருவர் கூரை மற்றவர் தோட்டம். சாமானியனுக்கும் மாடியில் ஒரு தோட்டம் என்பதே நோக்கம். செலவு மிகுந்தது, நாளடைவில் அங்கும் வசதிபடைத்தோரே குடியேறினர். கொழும்பிலோ அந்தத் தோட்டம் தொடக்கத்திலேயே செல்வர்க்கென விலைக்கு வந்தது.

கொழும்பின் ஏழைக் குடியிருப்புகளுக்கும் ‘தோட்டம்’ என்றே பெயர், சிங்களத்தில் ‘வத்த’. அல்டெயர் நிற்கும் கொம்பனித்தெரு, ஒல்லாந்தர் அடிமைகளை அடைத்துவைத்த நிலம். பின்னர் மலாயர், முஸ்லிம்கள், தமிழர், சிங்களவர் நெருங்கி வாழ்ந்த பேட்டை. அங்கே மியூஸ் வீதியில் 2010 மே மாதம் படையினர் காவல்நிற்க வீடுகள் இடிக்கப்பட்டன. நகரின் தோட்டங்களிலிருந்து பெயர்க்கப்பட்டோருக்கும் பின்னர் அடுக்குமாடிகள் எழுந்தன. அவற்றில் ஒரு குடும்பத்துக்கு 400, 500 சதுர அடி.