எங்கெங்கே நிறுத்தி வைத்தோம்?

1946 பிப்ரவரி 15. பிலடெல்பியாவில், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மூர் பொறியியல் பள்ளியில், எனியாக் கணிப்பொறியை விருந்தினர்கள் முன் இயக்கிக் காட்ட வேண்டிய நாள். முந்தைய இரவு வரை ஒரு சிக்கல் தீரவில்லை. பீரங்கிக் குண்டின் பாதையைக் கணக்கிடும் புரோகிராம், குண்டு தரையைத் தொட்ட பிறகும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அதை அமைத்தவர்கள் பெட்டி ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர் என்ற இரண்டு இளம்பெண்கள். விடிந்ததும் ஸ்னைடர் வந்து ஒரே ஒரு ஸ்விட்சை மாற்றினார். கணக்கு நிற்க வேண்டிய இடத்தில் நின்றது.

திருமணத்துக்குப் பின் ஹோல்பர்டன் ஆன இந்த ஸ்னைடர்தான், ஓட்டத்தை நடுவில் நிறுத்தும் பிரேக்பாயின்ட்டைக் கொண்டுவந்தவர் என்று ஜென்னிங்ஸ் பிற்காலத்தில் சொன்னார். எனியாக்கில் புரோகிராம் என்பதே கேபிள்களும் ஸ்விட்சுகளும்தான். சந்தேகப்படும் இடத்தில் கேபிளைப் பிடுங்கினால் ஓட்டம் அங்கே முறியும். எண்களைத் தாங்கும் 20 பகுதிகளிலும் நியான் விளக்குகள் உண்டு. அவற்றைப் பார்த்து அந்த நொடியின் கணக்கைப் படித்துவிடலாம். எங்கெங்கே நிறுத்தியிருக்கிறோம் என்று எழுதிவைக்கத் தேவையில்லை. கழன்று தொங்கும் கேபிளே காட்டிக்கொடுத்துவிடும்.

புரோகிராம் நினைவகத்துக்குள் போனதும் இந்த வசதி போய்விட்டது. 1949இல் கேம்பிரிட்ஜில் எட்சாக் கணிப்பொறி இயங்கத் தொடங்கியது. எந்திரத்தை ஒவ்வொரு கட்டளையாக நகர்த்திப் பார்த்துப் பிழை தேடினால் மற்றவர்களின் நேரம் வீணாகும். ஆகவே, ஓடும் கட்டளைகளைத் தாளில் அச்சிட்டுத் தரும் துணைப் புரோகிராம்களைப் பற்றி ஸ்டான்லி கில் 1951இல் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். எந்திரத்தின் எதிரே உட்கார்ந்து, நிறுத்தி, பார்த்து, திருத்தி, மறுபடி ஓடவிடும் பழக்கம் எம்.ஐ.டி.யில் ஊன்றியது. டி.எக்ஸ்.-0 கணிப்பொறிக்கு ஃபிளிட், பிறகு பி.டி.பி.-1க்கு டி.டி.டி. என 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிறந்த, பிழை தேடும் புரோகிராம்களான டீபக்கர்கள்தான் இன்றைய கருவிகளுக்கு முன்னோடிகள்.

நிறுத்தும் வேலை உள்ளே நடக்கும் விதம் அழகானது. 1978இல் வந்த இன்டெல் 8086இல் இதற்கென்றே ஒரு பைட் நீளமுள்ள கட்டளை இருந்தது. பதினறும எண்ணில் அதன் மதிப்பு சி.சி. நிறுத்த வேண்டிய கட்டளையின் முதல் பைட்டை எடுத்துவிட்டு, டீபக்கர் அங்கே இதை வைக்கும். எடுத்த பைட்டைத் தன்னிடம் பத்திரப்படுத்தும். ஓட்டம் அங்கே வந்து நின்றதும் பழைய பைட்டைத் திருப்பி வைத்தால்தான் புரோகிராம் தொடர முடியும். அடகுக் கடைக்காரரின் பேரேடு போலத்தான் இது: எது யாருடையது என்ற கணக்கு தொலைந்தால் பொருளைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை. ஆக, பிரேக்பாயின்ட் பட்டியல் மனிதருக்கு வேண்டும் என்பதற்கு முன்பே டீபக்கருக்கு வேண்டியிருந்தது. 1985இல் வந்த 80386 செயலி நான்கு முகவரிகளைத் தானே கண்காணிக்கப் பதிவகங்கள் தந்தது. நான்கே நான்கு என்பதால் எது எதற்குப் போயிற்று என்ற கணக்கு அங்கேயும் தேவை.

அந்த உள்கணக்கை மனிதர் கண்முன் விரித்ததில் ரிச்சர்ட் ஸ்டால்மன் 1986இல் எழுதிய ஜி.டி.பி. டீபக்கருக்குப் பெரிய பங்குண்டு. ‘இன்ஃபோ பிரேக்பாயின்ட்ஸ்’ என்று தட்டினால் வரிசை எண், வகை, இப்போது செயலில் இருக்கிறதா, எந்த முகவரி, எந்தக் கோப்பில் எந்த வரி, இதுவரை எத்தனை முறை எட்டப்பட்டது எல்லாம் வரும். பைத்தான் மொழியின் டீபக்கரான பி.டி.பி.யில் பட்டியல் வர ‘பிரேக்’ என்று மட்டும் கொடுத்தாலே போதும்.

பிறகு திரை எடிட்டர்கள் வந்தன. வரிக்கு இடப்பக்கம் ஒரு சிவப்புப் புள்ளி. மேலே நான்கு வரி சேர்த்தால் புள்ளியும் நான்கு வரி கீழே இறங்கும். தொங்கும் கேபிள் வேறு உருவில் திரும்பி வந்தது என்றே சொல்லலாம்.

இன்று டீபக்கரை இயக்க வந்திருக்கும் ஏ.ஐ. ஏஜென்டுக்கு அந்தப் புள்ளி தெரியாது. அதற்குக் கிடைப்பது பெரும்பாலும் எழுத்து மட்டும். மைக்ரோசாஃப்ட் ரிசர்ச் 2025இல் வெளியிட்ட டீபக்-ஜிம் என்ற சோதனைச் சூழல், ஏஜென்டுகளின் கையில் பி.டி.பி.யைக் கொடுத்துப் பார்த்தது. ஆந்த்ரோபிக் 2024 நவம்பரில் அறிவித்த, ஏ.ஐ.யை வெளிக் கருவிகளோடு இணைக்கும் எம்.சி.பி. நெறிமுறை வழியாகவும் பல டீபக்கர்கள் ஏஜென்டுகளுக்குத் திறந்துவிடப்பட்டுள்ளன. இங்கேதான் பட்டியல் மறுபடி உயிர்நாடியாகிறது.

காரணம், வி.எஸ். கோட் எடிட்டர் வழியே பரவிய, எடிட்டரும் டீபக்கரும் பேசிக்கொள்ளும் டீபக் அடாப்டர் நெறிமுறை. அதில் பிரேக்பாயின்ட்டை வைக்கக் கட்டளை உண்டு. வைத்தவற்றைக் கேட்டு வாங்கக் கட்டளை இல்லை. எடிட்டர் நினைவில் வைத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் அது வடிவமைக்கப்பட்டது. அதோடு, ஒரு கோப்புக்குப் புதிதாக அனுப்பும் தொகுப்பு, அந்தக் கோப்பில் முன்பு வைத்த எல்லாவற்றையும் நீக்கிவிட்டு உட்காரும். 40ஆம் வரியில் நிறுத்தம் வைத்த ஏஜென்ட், மறந்துபோய் 75ஐ மட்டும் அனுப்பினால் 40 சத்தமில்லாமல் காணாமல் போகும். எடிட்டர் செய்துவந்த நினைவு வேலையை ஏஜென்டுக்கான கருவி தானே ஏற்றாக வேண்டும்.

நல்ல பட்டியல் வரி எண்களோடு நிற்கக் கூடாது. கேட்ட வரியில் நிறுத்த இடமில்லாவிட்டால் பல டீபக்கர்கள் நிறுத்த இடமுள்ள அடுத்த வரிக்குத் தள்ளிவைக்கும். கேட்டது எது, கிடைத்தது எது என இரண்டையும் பட்டியல் காட்ட வேண்டும். டீபக்கர் அதை உறுதிசெய்துவிட்டதா, நிபந்தனை உண்டா, எத்தனை முறை எட்டப்பட்டது என்பதும் வேண்டும். உறுதியான, நிபந்தனை இல்லாத ஒரு பிரேக்பாயின்ட்டுக்கு எதிரே 0 என்று இருந்தால், ஏஜென்ட் சந்தேகப்பட்ட அந்த வரி இந்த ஓட்டத்தில் இயங்கவே இல்லை. தேடலை அந்த வரியிலிருந்து, அதை அழைத்திருக்க வேண்டிய இடத்துக்கு மாற்ற அந்த ஒரு எண் போதும்.