ஆங்கில வாக்கிய அமைப்பும் எளியோர் கற்ற இலக்கணமும்

ஆங்கிலப் பாடத்தில் நம் பிள்ளைகள் இடறும் இடம் பெரும்பாலும் சொற்களின் வரிசையே. அகராதியைப் புரட்டிச் சொற்களைத் திரட்டிவிடுகின்றனர்; எதனை எங்கு வைப்பது என்னும்போது கை தடுமாறுகிறது. இத்தடுமாற்றம் அறிவுக் குறையால் நேர்வது என்று சொல்லுவோர் உளர். அவர் கூற்றை நாம் ஏற்பதற்கில்லை. தமிழ் வாக்கியம் ஒருவிதமாகவும் ஆங்கில வாக்கியம் வேறுவிதமாகவும் கட்டப்பட்டிருப்பதே காரணம். அவ்வேறுபாடு எவ்வாறு உண்டாயிற்று, அதனை விளக்கும் இலக்கணம் முன்னர் யார் கையில் இருந்தது, பின்னர் யார் கைக்கு வந்தது என்னும் வரலாற்றை நம் இளைஞர் அறிதல் நலம் எனக் கருதி இதனை வரைகின்றோம்.

'நாய் மனிதனைக் கடித்தது' என்கிறோம். 'மனிதனை நாய் கடித்தது' என்றாலும் பொருள் மாறுவதில்லை. 'மனிதன்' என்னும் சொல்லோடு ஒட்டிய 'ஐ' என்னும் இரண்டாம் வேற்றுமை உருபு கடிபட்டவன் யார் என்பதைக் காட்டிவிடுகிறது. ஆங்கிலத்திலோ 'டாக் பிட் மேன்' என்பதை 'மேன் பிட் டாக்' என்று மாற்றினால் மனிதன் நாயைக் கடித்தவனாகிவிடுவான்! அங்கே சொல் நிற்கும் இடமே உருபின் வேலையைச் செய்கிறது. வினைக்கு முன் நிற்பது எழுவாய். பின் நிற்பது செயப்படுபொருள். நம் மொழியில் வினைமுற்று கடைசியில் வந்து வாக்கியத்தை முடித்துவைக்கும். அவர்கள் மொழியில் அது நடுவில் நின்று இருபுறத்தையும் பிரித்துக் காட்டும்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆங்கிலமும் உருபுகளை நம்பியிருந்த மொழிதான் என்றால் மாணவர் வியப்படையக்கூடும். பழைய ஆங்கிலத்தில் நாய் எழுவாயாக நின்றால் 'ஸே ஹுண்ட்'; மனிதன் செயப்படுபொருளாக நின்றால் 'தோனே மன்'. முன்னே வரும் சிறு சொல்லின் வடிவமே வேற்றுமையைக் காட்டியதால், எதனை முன்னே வைத்தாலும் பொருள் கெடவில்லை. காலப்போக்கில் சொல்லின் முதலசை அழுத்தம் பெற்று ஈற்றசைகள் தேய்ந்தன. வடபகுதியில் குடியேறிய ஸ்காண்டிநேவிய மக்களோடு ஏற்பட்ட கலப்பும் அத்தேய்வை விரைவுபடுத்தியது என்பர். 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சும் இலத்தீனும் ஆட்சி செய்தன. ஆங்கிலம் பெரிதும் உழுவோர், நெய்வோர், ஆடு மேய்ப்போர் வாயில் வாழ்ந்தது. புலவர் எவரும் கட்டிக்காவாத அந்நாளில் உருபுகள் உதிர, சொல்வரிசை இறுகியது. இன்று உலகம் போற்றும் ஆங்கில வாக்கியத்தின் எலும்புக்கூடு எளிய மக்களின் நாவில் உருவானது என்பதை நாம் மறத்தலாகாது. நீதிமன்ற வழக்காடல் ஆங்கிலத்தில் நடைபெறவேண்டும் என்று 1362-இல் சட்டம் வந்தது. அச்சட்டம் எழுதப்பட்ட மொழி பிரெஞ்சு என்பது ஒரு வேடிக்கை.

மக்கள் வளர்த்த மொழிக்கு இலக்கணம் எழுதியோர், அதனை இலத்தீன் அச்சில் வார்த்தனர். 1586-இல் வில்லியம் புல்லோகர் வெளியிட்டதே அச்சேறிய முதல் ஆங்கில இலக்கணம். அதுவும் அந்நாளைய இலத்தீன் இலக்கணத்தைப் பின்பற்றியதே. 1762-இல் ராபர்ட் லௌத் என்னும் கிறித்தவ சமயகுரு எழுதிய சிறு நூல் பெரும்புகழ் பெற்றது. பெரும்புலவர் எழுத்திலும் பிழை காட்டிய நூல் அது. நாளடைவில் பிழையற்ற வாக்கியம் எழுதுவது கனவானுக்கு அடையாளமாயிற்று. எழுதத் தெரியாதவன் சொல்லும் நியாயமும் நியாயமன்று என்னும் நிலை வந்தது. 1793-இல் ஷெஃபீல்டு நகரத்து மக்கள் ஆயிரக்கணக்கானோர் கையொப்பமிட்டு, தேர்தல் முறையைத் திருத்தக் கோரிப் பாராளுமன்றத்திற்கு விண்ணப்பம் அனுப்பினர். அதன் மொழி மரியாதைக் குறைவானது என்று கூறி அவையினர் அதனை ஏற்க மறுத்துவிட்டனர். கோரிக்கையை ஆராயாமலே ஒதுக்குதற்கு மொழிநடை ஒரு சாக்காயிற்று. இத்தகைய சாக்குகளை நம் முன்னோரும் அறிந்தேயிருந்தனர்.

இந்நிலையில்தான் வில்லியம் காபெட் என்பவரின் வரலாறு நம் கவனத்திற்கு உரியதாகிறது. 1763-இல் ஃபார்ன்ஹம் என்னும் ஊரில் எளிய குடியில் பிறந்தவர். சிறு வயதில் வயலில் பறவை ஓட்டினார். முறையாகப் பள்ளிக்கூடம் சென்றவரல்லர். 1784-இல் படையில் சேர்ந்தார். நாட்கூலி ஆறு பென்னி. சாத்தம் என்னும் இடத்துப் படைவீட்டில், அதிகாரியின் கடிதங்களைப் படியெடுக்கும் வேலை கிடைத்தது. இலக்கணம் கற்றுக்கொள் என்று அவ்வதிகாரி கூற, லௌத்தின் நூலை வாங்கினார். படுக்கையின் விளிம்பே இருக்கை. முதுகுப்பையே புத்தக அலமாரி. மடியில் வைத்த பலகைத் துண்டே மேசை. மெழுகுவர்த்தி வாங்கக் காசில்லை. குளிர்கால இரவுகளில் அடுப்பு நெருப்பின் வெளிச்சமே விளக்கு. அதுவும் தம் முறை வரும்போதுதான். பேனாவும் தாளும் வாங்க அரைவயிற்று உணவிலும் ஒரு பங்கைக் குறைத்துக்கொண்டார். சுற்றிலும் தோழர்கள் பாட்டும் கூச்சலுமாக இருக்க, அந்நூலை முழுதும் கையால் எழுதி, மனப்பாடம் செய்து, காவல் நிற்கும் நேரங்களில் வாய்க்குள் ஒப்பித்தார் என்று அவரே பிற்காலத்தில் எழுதியுள்ளார். ஒருநாள் மறுநாள் காலையில் மீன் வாங்க வைத்திருந்த அரைப் பென்னி தொலைந்துபோக, போர்வைக்குள் தலையை மறைத்துக்கொண்டு குழந்தைபோல் அழுததையும் ஒளிக்காமல் எழுதினார். எழுதத் தெரிந்தமையால் படையில் சார்ஜெண்ட் மேஜர் பதவி வரை உயர்ந்தார்.

பின்னாளில் அவர் பத்திரிகையாளரானார். 1816-இல் தம் பத்திரிகையை இரண்டு பென்னி விலையில் வெளியிடத் தொடங்கியதும் தொழிலாளர் கூடிக் கூடிப் படித்தனர். மறு ஆண்டு அரசாங்கம் அடக்குமுறையில் இறங்க, அவர் அமெரிக்கா சென்றார். அங்கிருந்தபோது எழுதி 1818-இல் வெளியிட்டதே அவருடைய ஆங்கில இலக்கணம். தம் மகனுக்கு எழுதிய கடிதங்களாக அமைந்த அந்நூலின் தலைப்பிலேயே, படைவீரர், மாலுமிகள், தொழில் பழகுவோர், ஏர் உழும் பையன்கள் ஆகியோர்க்கு உரியது என்று குறித்தார். இலக்கணம் அறியாதவன் தன் உரிமையைத் தானே எழுதிக் கேட்க இயலாது என்பது அவர் கருத்து.

அந்நூலில் வாக்கிய அமைப்பே பெரும்பங்கு பெறுகிறது. வினையைக் கண்டுபிடி, அதற்கு உரிய எழுவாய் எது என்று தேடு, இரண்டும் எண்ணில் பொருந்துகின்றனவா என்று பார் என்பதே அவர் முறையின் சாரம். ஒருமை, பன்மை இரண்டிற்கும் இடந்தரும் கூட்டப் பெயர்களுக்கு எடுத்துக்காட்டு தரும்போது கும்பல், பாராளுமன்றம், திருடர் குகை ஆகியவற்றை ஒரே வரிசையில் நிறுத்திவிட்டார்! பின்வந்த பதிப்பில், அமைச்சர்கள் பிழையாக எழுதாதிருக்க ஆறு பாடங்களையும் சேர்த்தார். விண்ணப்பத்தில் குறை கண்டவர்களின் எழுத்தையே எடுத்து, எழுவாய் எங்கே, பயனிலை எங்கே என்று கேட்டது மிகப் பொருத்தமானது என்பது நம் கருத்து. 1832-இல் ஓல்டாம் தொகுதி அவரைப் பாராளுமன்றத்திற்கே அனுப்பியது. ஆயினும் ஒன்று சொல்லியாகவேண்டும். வெள்ளைத் தொழிலாளிக்காக அத்துணைப் பரிந்த அவர், கறுப்பின அடிமைகளை இழிவாகவே எழுதினார். அவரிடம் இலக்கணத்தை ஏற்போம். அதனை ஏற்க வேண்டியதில்லை.

நம் நாட்டில் நெஸ்ஃபீல்டு இலக்கணமும், பின்னர் 1930-களில் வந்த ரென், மார்ட்டின் இருவரின் நூலும் பள்ளிகளில் பரவின. அவற்றால் பயன் உண்டு. எனினும் பயிற்சிக்கு வேறோர் ஏட்டையும் நம் இளைஞர் கையாள வேண்டும். அண்ணல் அம்பேத்கர் தலைமையிலான குழு ஆங்கிலத்தில் வரைந்த அரசியலமைப்புச் சட்டமே அது.

15-ஆம் பிரிவின் முதல் உட்பிரிவைப் பாருங்கள். எழுவாய் 'தி ஸ்டேட்', அதாவது அரசு. குடிமக்களிடையே மதம், சாதி முதலியன காரணமாக அரசு வேற்றுமை பாராட்டலாகாது என்பது வாக்கியம். எழுவாய் அரசாதலால் கட்டளையும் அரசுக்கே. இனி 17-ஆம் பிரிவைப் பாருங்கள். 1948 நவம்பர் 29-இல் அரசியல் நிர்ணய சபை ஏற்றுக்கொண்ட பிரிவு இது. முதல் வாக்கியத்தில் இரண்டு வினைகள், இரண்டும் செயப்பாட்டுவினை. தீண்டாமை ஒழிக்கப்படுகிறது, எவ்வடிவிலும் அதனைக் கடைப்பிடித்தல் தடுக்கப்படுகிறது. யாருக்குத் தடை? வாக்கியத்தில் அவர் பெயரில்லை. பெயரில்லாமையால் எவரும் தப்புவதற்கில்லை: அரசு, ஊர், கடைக்காரர், வீட்டுக்காரர் அனைவரும் அதனுள் அடங்குவர். 17, 23, 24-ஆம் பிரிவுகள் தனியார்மீதும் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1982-இல், ஆசிய விளையாட்டுக் கட்டடப் பணித் தொழிலாளர் வழக்கில் கூறியது.

17-ஆம் பிரிவின் இரண்டாம் வாக்கியம் நீண்ட எழுவாய் உடையது. நம் மாணவர் மூச்சு முட்டுவது இத்தகைய இடத்தில்தான். முதலில் வினையைத் தேடுக: 'ஷல் பி'. அதற்கு முன் நிற்பதெல்லாம் எழுவாய்த் தொடர். அதன் தலைச்சொல் 'என்ஃபோர்ஸ்மென்ட்', அதாவது வலிந்து சுமத்துதல். எதனைச் சுமத்துதல்? இயலாமையை. எதிலிருந்து எழும் இயலாமை? தீண்டாமையிலிருந்து. வினைக்குப் பின்னே அது குற்றம் என்பதும், சட்டப்படி தண்டனைக்குரியது என்பதும் வருகின்றன. தமிழில் இதனைச் சொல்லும்போது 'தீண்டாமையிலிருந்து எழும்' என்று கடைசியிலிருந்து தொடங்குகிறோம். ஆங்கிலம் தலைச்சொல்லை முன்னே நிறுத்திவிட்டு விளக்கங்களைப் பின்னே வரச்செய்கிறது. இவ்வொரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் நீண்ட வாக்கியம் அச்சந்தராது.

அடுத்து 23-ஆம் பிரிவை எடுத்து, வினைக்கு முதலில் அடிக்கோடிட்டு, எழுவாய்களை எண்ணிப் பார்க்கலாம். மூன்று எழுவாய்கள், ஒரு செயப்பாட்டுவினை, அது பன்மை. நடுவில் நிற்கும் எழுவாய் ஆங்கிலச் சொல்லே அன்று. 'பேகார்' என்னும் வடநாட்டுச் சொல் அது. நம் ஊர்களில் அதற்கு வெட்டி வேலை என்று பெயர்.