இயந்திரக்கை வாசிக்கக் கற்ற வரலாறு

ஹந்தானை மலைச்சாரலிலே, பழைய தேயிலைத் தொழிற்சாலையொன்று இன்று அருங்காட்சியகமாக விளங்குகின்றது. அங்கு வைக்கப்பட்டுள்ள உருட்டும் பொறிகளும் உலர்த்திகளும் மலைநாட்டுப் பொருளாதாரத்தைத் தாங்கியவை. ஆயினும் அவற்றுள் ஒன்றேனும் எதனையும் வாசித்ததில்லை. கொழுந்தின் வாட்டத்தை அறிந்தது தொழிற்சாலையாளரின் உள்ளங்கை. பதத்தை அறிந்தது அவரது மூக்கு. தராசு காட்டிய நிறையை வாசித்துச் செக்றோலில் பதிந்தது கணக்கப்பிள்ளையின் பேனை. பொறிக்கு வலு இருந்தது, எழுத்தறிவு இருக்கவில்லை.

1961இல் ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் ஜெனரல் மோட்டர்ஸ் ஆலையில் வேலை தொடங்கிய 'யூனிமேற்' என்னும் இயந்திரக்கையின் நிலையும் இதுவே. ஜோர்ஜ் டெவோல் 1954இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த கருத்தின் வழிவந்த அக்கை, காந்த உருளையிற் பதிந்த அசைவுகளை நினைவுகூர்ந்து மீளச் செய்தது. 1974இல் சுவீடனின் ஆசியா நிறுவனம் நுண்செயலி பொருத்திய கையை வெளியிட்டது. 1979இல் யூனிமேசன் நிறுவனத்தின் 'வால்' என்னும் நிரல்மொழி வந்தது. ஆசியாவும் பிறவுண் பொவேரியும் 1988இல் இணைந்து உருவான ஏபிபி நிறுவனம் 1994இல் அளித்த 'ராப்பிட்' மொழியே நாம் இங்கு நோக்குவது.

அம்மொழியில் நிரல் முதலிற் கோப்பையோ தொடர்த் துறையையோ திறந்து, அதற்கு ஒரு பெயரிடுகின்றது. பின்னர் எண்ணை வாசிக்கும் கட்டளை இரண்டுக்கும் ஒன்றே. வட்டிலுள்ள கோப்பாயினும், கம்பியின் மறுமுனையிலுள்ள தராசாயினும் கட்டளைக்கு வேறுபாடில்லை. கருவியையும் கோப்பாகவே கருதும் இவ்வெண்ணம் யூனிக்ஸ் இயங்குதளத்தின் வழியே பரவியது. அழகிய எண்ணம்தான், ஆனால் முழுமையாக உண்மையன்று. கோப்புக்கு முடிவு உண்டு. துறைக்கு முடிவில்லை, மௌனமே உண்டு.

கோப்பு முடிந்ததும் அக்கட்டளை ஓர் அடையாள எண்ணைத் திருப்பித் தருகின்றது: 9.998ஐப் பத்தின் 36ஆம் அடுக்காற் பெருக்கிய எண். எந்த நிறையும் எந்தத் தூரமும் அவ்வளவாக இராது என்ற துணிவிலே தெரிந்தெடுக்கப்பட்டது போலும். அதனைச் சோதியாது கூட்டுத்தொகையிற் சேர்ப்பவனின் கணக்கு என்னாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. துறையின் மௌனத்துக்கு வேறு ஏற்பாடு. நேரம் குறிக்கப்படாவிடின் கட்டளை 60 செக்கன் காத்திருந்து, பின்னர் பிழை அறிவிக்கும். எண்ணுக்குப் பதிலாக எழுத்து வந்தாலும் பிழையே. அப்பிழையைக் கண்டு என்ன செய்வது என்பதை நிரலாளனே எழுத வேண்டும்.

இங்கேதான் எம் மண்ணின் நினைவு வருகின்றது. நிர்ணயித்த நிறைக்குக் குறைந்தால் 'அரைப்பேர்' எழுதும் வழக்கம் தோட்டங்களில் இருந்தது. கம்பி கழன்ற மௌனத்தைச் சோம்பலான நிரலொன்று சுழியம் என எழுதிவிட்டால், ஒருத்தியின் அரைநாட் கூலி போகும். கணக்கப்பிள்ளையோடு வாதாடலாம், அவர் முகத்தைப் பார்த்தாவது கேட்கலாம். கோப்போடு எவ்வாறு வாதாடுவது? வாசிக்க முடியாமை வேறு, சுழியம் வேறு என்ற பகுப்பை நிரலிலேயே எழுதிவைத்தல் நீதியின் பாற்பட்டதென்பது என் துணிபு.

பெயர்களின் கதை இதனினும் கடிது. ராப்பிட் மொழியின் எழுத்துச்சரம் 80 இடங்களைக் கொண்டது; அதன் எழுத்துத்தொகுதியோ மேலை ஐரோப்பிய மொழிகளுக்கானது. யூனிக்கோட்டின் யுடிஎப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைற்று கொள்ளும். 'கண்டி' என்னும் சிறு பெயருக்கு 15 பைற்று. 'யாழ்ப்பாணம்' என்பதற்கு 33. தந்தை பெயரும் தன் பெயரும் தோட்டத்தின் பெயரும் ஒரே வரியில் வந்தால் 26 குறிகளோடு சரம் நிறைந்துவிடும். ஆகவே ரோமன் எழுத்திற் பெயரை மாற்றி எழுதுதல் எளிய வழியெனப்படும். 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் குடியுரிமைச் சட்டத்தின்கீழ் வதிவை ஆவணங்கொண்டு நிறுவ வேண்டியிருந்த மக்களின் பேரர்க்கு, ஆவணத்துக்கு ஆவணம் பெயர் மாறுவது எளிய செய்தியன்று.

வேறு வழி அம்மொழியிலேயே உண்டு. எழுத்தென்று பொருள்கொள்ளாது, 1024 பைற்று வரை கொள்ளும் கொள்கலத்தில் வெறும் பைற்றுகளாகவே பெயரை வாசித்து, அவ்வாறே அடுத்த கணினிக்கு அனுப்பலாம். இயந்திரக்கைக்கு அப்பெயர் விளங்காது. கணினித் திரையில் அது தமிழாகவே தோன்றும்.