சிதறலும் திரட்டும்: ஹாஷ் அட்டவணை பற்றிய வரலாற்றுக் குறிப்பு

தரவைச் சேமித்தல் ஒரு பிரச்சினை; சேமித்ததை முழுமையாகக் காணல் மற்றொன்று. ஹாஷ் அட்டவணையின் வரலாறு இவ்வேறுபாட்டைத் தெளிவுறுத்துகின்றது.

1953இல் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ஹான்ஸ் பீற்றர் லூன் இம்முறையை முன்மொழிந்தார். பெயரைக் கணக்கிட்டு எண்ணாக்கி, அவ்வெண் சுட்டும் அறையில் தரவை இடுவதே இதன் சாரம். பெயரறிந்தவர் ஏனைய அறைகளைத் துழாவ வேண்டியதில்லை. ஆயின், அகரவரிசையும் சேர்த்த வரிசையும் இங்கு பேணப்படுவதில்லை.

1988இல் பின்லாந்தின் ஔலு பல்கலைக்கழகத்தில் யார்கோ ஓய்கரினன் ஐ.ஆர்.சி. என்னும் உரையாடல் முறையை உருவாக்கினார். அதனைப் பயன்படுத்துதற்கென 1995இல் காலிட் மார்டம்-பே வெளியிட்ட எம்.ஐ.ஆர்.சி. செயலியின் நிரல்மொழியிற் பின்னர் ஹாஷ் அட்டவணையும் இடம்பெற்றது. அங்கு ‘ஹெச்கெட்’ என்னும் கூறு, பெயரைக் கொடுத்தால் அதற்குரிய தரவைத் தரும். பெயர் தெரியாவிடின், பூச்சியத்தை இட்டு உருப்படிகளின் தொகையை அறிந்து, ஒன்றிலிருந்து அத்தொகைவரை எண்ணிச் சென்று, ஒவ்வொன்றின் பெயரையும் தரவையும் பெறல் வேண்டும். கோப்பிற் பதியாது செயலியை மூடின் யாவும் அழியும்.

விரைவு பெயரறிந்தார்க்கே உரியது. பெயரறியாது பின்வருவோர்க்குப் பட்டியலே வாயில். ஆதலின், விரைவை மாத்திரம் அளவுகோலாகக் கொண்டு எந்தச் சேமிப்பு முறையையும் மதிப்பிடுதல் பொருந்தாது.