பொக்கிஷமும் சுவரும்: தலித் கிறிஸ்தவ வரலாற்றிலிருந்து சில பக்கங்கள்



நாம் இன்று நினைவுகூரும் ஆசிரியர் ஓர் உபதேசியாரின் மகன். தன் கடைசி முப்பது ஆண்டுகளில் அவர் கோயிலுக்குப் போனதில்லை. ஆனாலும் கூட்டம் முடிந்து டீக்கடையில் நிற்கும்போது, தன் அம்மா சொன்ன ஒன்றை எங்களிடம் அடிக்கடி சொல்வார்: “ஊருல நம்மளத் தொட மாட்டான். சாமி நம்மளக் கண்ணுக்குள்ள வச்சிருக்காரு.” இந்த நம்பிக்கை அந்த அம்மாவை நிமிர வைத்ததா, குனிய வைத்ததா என்று நாங்கள் ஒருமுறை கேட்டோம். “அதை நீங்கதான் தேடணும்” என்றார். அந்தத் தேடலைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

கடவுள் இருக்கிறாரா இல்லையா என்பது இங்கே நம் கேள்வி இல்லை. இந்த அரங்கில் பௌத்தர்களும் கிறிஸ்தவர்களும் நாத்திகர்களும் இருக்கிறோம். ‘கடவுள் எங்களை அருமையாக வைத்திருக்கிறார்’ என்ற நம்பிக்கையை நம் முன்னோர் என்ன செய்தார்கள், அந்த நம்பிக்கையைச் சொல்லிக்கொடுத்த திருச்சபை அவர்களை என்ன செய்தது என்பதே நம் கேள்வி.

யாத்திராகமம் 19ஆம் அதிகாரத்தில், எகிப்தில் அடிமைகளாகச் செங்கல் அறுத்த மக்களைக் கடவுள் தன் சொந்த சம்பத்து என்கிறார். எபிரேய மூலத்தில் அதற்கான சொல் ‘செகுல்லா’. அரசன் தனக்கென்று எடுத்து வைத்திருக்கும் பொக்கிஷம் என்று அதற்குப் பொருள். அரசனிடமும் ஆண்டையிடமும் கணக்கில் வராதவர்களை அந்தச் சொல் பொக்கிஷம் ஆக்கியது. சேரியில் அந்தச் சொல் காதில் விழுந்தபோது என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

1

தரங்கம்பாடிக்கு சீகன்பால்கும் புளுட்சோவும் வந்தது 1706இல். தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் அங்கே அச்சாகி முடிந்தது. அந்த அச்சுப் புத்தகங்கள் போய்ச் சேர்ந்த கைகளில் ஒன்று ராஜநாயக்கனுடையது. அவர் பறையர், தஞ்சை அரசனின் படையில் சேர்வைக்காரர், கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். யாரும் அவருக்கு மடியில் உட்கார வைத்துப் பாடம் சொல்லவில்லை. தானே வாசித்தார், தானே முடிவெடுத்தார், 1727இல் தரங்கம்பாடி சபையோடு சேர்ந்தார். பிறகு உபதேசியாராகித் தஞ்சைப் பகுதியில் சபைகளைக் கட்டி வளர்த்தார்.

1733இல் வேளாளரான ஆரோன் குருவாக அபிஷேகம் பெற்றார். இந்தியாவின் முதல் புராட்டஸ்டன்ட் இந்தியக் குரு அவர். அடுத்த குரு யார் என்ற பேச்சு வந்தபோது ராஜநாயக்கனின் பெயரும் வந்தது. அவருடைய அறிவையும் உழைப்பையும் யாரும் மறுக்கவில்லை. ஆனால் பறையர் கையிலிருந்து வேளாளர்கள் நற்கருணை வாங்க மாட்டார்கள் என்று மிஷனரிகள் அஞ்சினார்கள். 1741இல் சாதிக் கிறிஸ்தவரான தியோகு குருவானார். ராஜநாயக்கன் 1771இல் இறக்கும்வரை உபதேசியாராகவே இருந்தார். நாற்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஊழியம்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ‘கடவுள் உன்னை நேசிக்கவில்லை’ என்று ராஜநாயக்கனிடம் யாரும் சொல்லவில்லை. நேசிக்கிறார் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அந்த நேசத்தை எடுத்துப் பரிமாறும் கை மட்டும் அவருடையதாக இருக்கக் கூடாது என்றார்கள். பெறுவதற்குத் தகுதி உண்டு, கொடுப்பதற்குத் தகுதி இல்லை. சாதி திருச்சபைக்குள் குடியேறிய வழி இதுதான்.

2

கத்தோலிக்கப் பக்கம் கதை இன்னும் பழையது. பறையர் வீட்டில் ஒருவர் சாகக் கிடக்கும்போது குருக்கள் உள்ளே போய் இறுதி அருட்சாதனம் கொடுக்கத் தயங்கினார்கள். போனால் மேல்சாதியார் தங்களைத் தீட்டாகக் கருதுவார்கள் என்ற பயம். போப்பின் தூதராக வந்த தூர்னோன் 1704இல் புதுச்சேரியில் வெளியிட்ட ஆணை இதைக் கண்டித்தது. நாற்பது ஆண்டுகள் வழக்காடிய பிறகு, 1744இல் போப் 14ஆம் பெனடிக்ட் இறுதி ஆணை பிறப்பித்தார். பறையர்களுக்கென்று தனியாகக் குருக்களை ஒதுக்குகிறோம் என்று இயேசு சபையார் முன்வைத்த ஏற்பாட்டையும் ரோம் ஏற்றுக்கொண்டது. கடவுளின் அன்பு சேரிக்கு வரும், ஆனால் வேறு வாசல் வழியாக வரும் என்பதுதான் அந்த ஏற்பாட்டின் பொருள்.

அதற்கு அடுத்த ஆண்டு நடந்ததை நம் மாணவர்கள் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் 1745 அக்டோபரில் இதைப் பதிவு செய்கிறார். புதுச்சேரியில் கிறிஸ்தவக் கோயிலுக்குள் ஒரு சுவர் இருந்தது. ஒரு பக்கம் பறையர்கள், மறுபக்கம் ஐரோப்பியரும் சாதிக் கிறிஸ்தவர்களும். பறைச்சேரி மக்கள் திரண்டு போய்க் குருவிடம் முறையிட்டார்கள். நாங்களும் உங்கள் சீடர்கள் என்றால் எல்லோரையும் ஒன்றாக நடத்த வேண்டும், ஆண்டவர் தன்னை வணங்குகிறவர்களிடம் வித்தியாசம் பார்ப்பதில்லை என்பது அவர்களுடைய வாதத்தின் சாரம். குருவால் பதில் சொல்ல முடியவில்லை. சுவர் இடிக்கப்பட்டது. சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தார்கள்.

இதை எழுதி வைத்தவர் நம் ஆள் இல்லை. சேரி மக்கள்மீது அவருக்குத் தனிப் பரிவும் இல்லை. அதனாலேயே இந்தச் சாட்சி நமக்கு முக்கியம். அம்பேத்கர் பிறப்பதற்கு ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே, பெயர் தெரியாத சேரி மக்கள் கூட்டாகப் போய், ‘சமம்’ என்பதைச் சலுகையாகக் கேட்காமல் நியாயமாகக் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் கையில் சட்டம் இல்லை, வாக்கு இல்லை, நிலம் இல்லை. ஆண்டவருக்கு நாங்களும் அருமையானவர்கள் என்ற ஒரே நம்பிக்கைதான் இருந்தது. அதையே அவர்கள் கடப்பாரையாக எடுத்தார்கள்.

3

இந்த நம்பிக்கைமீது பாபாசாகேப் வைத்த விமர்சனத்தையும் நாம் நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். மதம் மாறியவர்களின் நிலை பற்றிய கட்டுரையில், கிறிஸ்தவம் தலித்துகளிடம் கிளர்ச்சி மனத்தை உண்டாக்கவில்லை என்கிறார் அவர். துன்பத்துக்குக் காரணம் சூழல் என்று காட்டாமல் ஆதிப் பாவம் என்று போதித்தால், ஒடுக்கப்பட்டவன் தன்னையே நொந்துகொள்வான் என்பது அவர் வாதம். இது பொய் இல்லை. ‘சாமி உன்னை நேசிக்கிறார், பொறுத்துக்கொள்’ என்ற பிரசங்கத்தை நம்மில் பலர் சிறுவயதிலேயே கேட்டிருக்கிறோம். பொக்கிஷத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டவும் செய்யலாம் அல்லவா?

நம் காலத்திலும் சுவர்கள் நிற்கின்றன. திருச்சி மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறையை இரண்டாகப் பிரிக்கும் சுவரைப் பற்றி நாம் பேசாத ஆண்டு இல்லை. செத்த பிறகும் தீட்டு. 1992இல் வெளிவந்த பாமாவின் ‘கருக்கு’, அன்பைப் போதிக்கும் கன்னியர் மடத்துக்குள் சாதி எப்படி மூச்சு விடுகிறது என்று உள்ளே இருந்து சொன்னது.

அரசும் தன் பங்குக்கு ஒரு சுவர் கட்டியது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியினர் என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவரும் இஸ்லாமியரும் இன்றும் வெளியே. சென்னைத் தெருவோரம் செருப்புத் தைத்த சூசை, தன்னோடு உட்கார்ந்து தைத்தவர்களுக்கு அரசு கொடுத்த இலவசப் பெட்டிக்கடை தனக்கு மறுக்கப்பட்டதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985இல் தீர்ப்பு வந்தது. மதம் மாறிய பிறகும் அதே கடுமையோடு இழிவு தொடர்கிறது என்று நிரூபிக்கப்படவில்லை என்று சொல்லி வழக்கைத் தள்ளினார்கள். ‘நீ சமமாகிவிட்டாய்’ என்று நீதிமன்றம் சொல்கிறது. ‘நீ சமம் இல்லை’ என்று கல்லறைச் சுவர் சொல்கிறது. நடுவில் சூசை நிற்கிறார்.

4

பெட்டியை உடைத்துப் பொக்கிஷத்தை வெளியே எடுத்தவர்களும் உண்டு. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு, நம் எல்லோருக்கும் ‘பரட்டை’, வழிபாட்டுக்குள் பறையையும் நாட்டுப்புற மெட்டையும் கொண்டுவந்தார். கோயிலுக்குள் நுழையக் கூடாத இசை என்று நம் பிள்ளைகளையே வெட்கப்பட வைத்த இசை அது. கடவுளை அவர் ‘பெத்தவரே’ என்று அழைத்தார். அரசனும் இல்லை, ஆண்டையும் இல்லை; ஆணா பெண்ணா என்ற கேள்வியும் அதில் இல்லை. ‘ஒரே உலை’ என்றும் சொன்னார். எல்லோரும் ஒரே பானையில் பொங்கிச் சேர்ந்து உண்பது.

அரசனின் பொக்கிஷம் என்ற உருவகத்தில் ஒரு சிக்கல் உண்டு. பொக்கிஷம் பேசாது, கேள்வி கேட்காது. பிள்ளை கேட்கும். பெற்றவளின் அடுப்பில் ஒரு பிள்ளைக்குத் தட்டும் இன்னொரு பிள்ளைக்குச் சிரட்டையும் வைக்க முடியாது. வைத்தால் பிள்ளை சண்டை போடும். 1745இல் புதுச்சேரியில் நடந்தது அந்தச் சண்டைதான்.

ஆகவே ஆசிரியரின் அம்மாவைப் பற்றிய கேள்விக்கு எங்களுக்குக் கிடைத்த பதில் இது. அந்த நம்பிக்கை தனியாக யாரையும் நிமிர்த்தவும் இல்லை, குனிய வைக்கவும் இல்லை. தனி ஆளின் ஆறுதலாக நின்றபோது அது சுவரோடு சமாதானமாக வாழ்ந்தது. சேரியே திரண்டு எடுத்துப் போனபோது சுவர் விழுந்தது. பாபாசாகேபின் விமர்சனம் முதலாவதைப் பற்றியது, அது சரி. இரண்டாவது நம் வரலாறு. அதையும் விட்டுவிடக் கூடாது.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ராஜநாயக்கனின் பெயராவது தப்பித்தது. சேரிகளில் ஓலைக்கூரைக்குக் கீழே எழுத்தும் செபமும் சொல்லிக்கொடுத்த உபதேசியார்கள், அவர்கள் மனைவிமார், கோயில்பிள்ளைகள் ஆகியோரின் பெயர்கள் பங்குப் பதிவேடுகளில் செல்லரித்துக் கிடக்கின்றன. அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது உங்கள் பங்கின் ஞானஸ்நானப் பதிவேட்டையும் அடக்கப் பதிவேட்டையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். கல்லறைக்கும் போங்கள். யார் எந்தப் பக்கம் கிடக்கிறார்கள் என்று வரைந்துகொண்டு வாருங்கள். அடுத்த ஆண்டு இந்த மேடையில் நீங்கள் பேசுங்கள். நாங்கள் கீழே உட்கார்ந்து கேட்கிறோம்.