‘வானொலி’ இதழின் நிகழ்ச்சி நிரல்: இசை வரலாற்றுச் சான்றாக ஒரு மதிப்பீடு

முன்னுரை

தமிழ் இதழியல் வரலாறு இலக்கிய, அரசியல் இதழ்களுக்கு அளித்த இடத்தை நிகழ்ச்சி நிரல் இதழ்களுக்கு அளிக்கவில்லை. அகில இந்திய வானொலி தமிழில் வெளியிட்ட ‘வானொலி’ இதழ் இசை வரலாற்றுக்கு எவ்வகைச் சான்றாகும், அச்சான்றின் எல்லை யாது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

பின்புலம்

சென்னையில் 1924இல் தனியார் வானொலிக் கழகம் ஒன்று ஒலிபரப்பைத் தொடங்கியது. பொருள் முடையால் அது 1927இல் நின்றது. 1930 முதல் சென்னை மாநகராட்சி அப்பணியைத் தொடர்ந்தது. 1938 சூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் எழும்பூரில் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு திருச்சிராப்பள்ளி நிலையம் உருவாயிற்று. 1954இல் சென்னை நிலையம் சாந்தோம் கடற்கரைச் சாலைக்கு இடம்பெயர்ந்தது. ஆங்கிலத்தில் ‘இந்தியன் லிஸனர்’, வங்காளத்தில் ‘பேதார் ஜகத்’ போலத் தமிழ் நேயர்களுக்கு நிகழ்ச்சிகளை முன்னறிவித்தது ‘வானொலி’.

சான்றின் மதிப்பு

தொடக்கக் கால இசை நிகழ்ச்சிகள் பெரும்பாலும் நேரடியாக ஒலிபரப்பப்பட்டவை. ஆதலின் அவற்றுள் பலவற்றுக்கு ஒலிப்பதிவு இல்லை. பாடியவர் யார், எந்நாளில், எவ்வளவு நேரம் என்பவற்றை அறிய அச்சிட்ட நிரலே துணையாகிறது. 

இதன் பயனைத் தமிழிசை இயக்கத்தைக் கொண்டு விளக்கலாம். 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூடியது. 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. கச்சேரிகளில் தமிழ்ப் பாடல்கள் இறுதித் துக்கடாக்களாக ஒதுக்கப்பட்டன என்பது இயக்கத்தாரின் முதன்மைக் குற்றச்சாட்டு. இவ்விவாதம் பெரிதும் இரு தரப்புக் கட்டுரைகளையும் மேடைப் பேச்சுகளையும் கொண்டே எழுதப்பட்டுள்ளது. பாடல் பெயர்கள் குறிக்கப்பட்ட நிரல்களை ஆண்டு வாரியாகத் தொகுத்தால், தமிழ் உருப்படிகளின் எண்ணிக்கையையும் கச்சேரியில் அவை பெற்ற இடத்தையும் கணக்கிட்டுக் குற்றச்சாட்டைச் சோதிக்க இயலும்.

சான்றின் எல்லை

நிரல் என்பது ஒலிபரப்புக்கு முன் அச்சானது. கலைஞர் வர இயலாமையோ பாடல் மாற்றமோ அதில் இடம்பெறாது. எனவே அது திட்டத்தின் பதிவேயன்றி நிகழ்வின் பதிவன்று.

மேலும், நிரலில் இல்லாதது மக்கள் சுவையில் இல்லாதது ஆகாது. 1940இல் ஆர்மோனியம் வானொலியில் விலக்கப்பட்டது. 1952இல் அமைச்சரான பி. வி. கேஸ்கர் காலத்தில் திரையிசை ஒடுக்கப்பட்டது. அப்போது திரைப்பாடல் நாடிய நேயர்கள் இலங்கை வானொலிக்குத் திரும்பினர். 1957இல் விவித்பாரதி தொடங்கப்பட்டது இந்நிலைக்கான மறுமொழியாகும். ஆகவே வானொலி நிரலை இசைத்தட்டுப் பட்டியல்கள், திரைப்படப் பாட்டுப் புத்தகங்கள் ஆகியவற்றுடன் ஒப்பிட்டே பயன்கொள்ள வேண்டும்.

முடிவுரை

இருவார காலம் முடிந்ததும் நேயருக்குப் பயனற்றுப்போன நிரல், ஆய்வாளருக்கு அதன் பின்னரே பயன்படத் தொடங்குகிறது. கருத்துரைகளை மட்டும் நம்பி எழுதப்பட்ட தமிழிசை வரலாற்றை எண்ணிக்கையால் சோதிக்க இவ்விதழ் வழிவகுக்கும். நிறுவனம் எதை ஒலிக்கத் திட்டமிட்டது என்பதற்கே அது நேர்ச் சான்று. மக்கள் எதைக் கேட்டனர் என்பதற்குப் பிற சான்றுகள் தேவை. இவ்வேறுபாட்டைப் பேணும் ஆய்வே ‘வானொலி’ இதழை முறையாகப் பயன்கொள்ளும்.